தமிழ் வலைப்பதிவின் முதல் பத்தாண்டு

வலைப்பதிவு என்பது ஒருவர் தாம் எழுதியதைத் தாமே இணையத்தில் வெளியிட்டு, ஒவ்வொன்றிற்கும் நாளும் நேரமும் குறித்து, புதியது மேலும் பழையது கீழுமாக வரிசைப்படுத்தி வைக்கும் எழுத்து முறையாகும். நாள் குறிக்கப்படுவதால் அது நாட்குறிப்பை ஒத்திருக்கிறது. எவரும் படிக்கலாம் என்பதால் இதழை ஒத்திருக்கிறது. படித்தவர் அதே பக்கத்தின் அடியில் தம் கருத்தை எழுதிவிட்டுச் செல்ல முடிவதால் கடிதப் போக்குவரத்தையும் ஒத்திருக்கிறது. ஆயினும் இம்மூன்றில் எதனோடும் அது முழுமையாகப் பொருந்துவதில்லை. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிவந்த நாட்குறிப்பு, அவர் மறைந்து ஒரு நூற்றாண்டிற்கும் மேல் கழிந்த பின்னரே அச்சேறிப் பொதுவாசகரை அடைந்தது. சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ போன்ற சிற்றிதழ்கள் எழுதியவர் காலத்திலேயே வாசகரை அடைந்தன என்றாலும், தாள், அச்சுக்கூலி, அஞ்சல்தலை என ஒவ்வொன்றிற்கும் அவற்றை நடத்தியவர்கள் கைப்பொருளை இழக்க வேண்டியிருந்தது. அக்காத்திருப்பும் இச்செலவும் ஒருசேர நீங்கிய இடத்தில்தான் வலைப்பதிவு பிறந்தது.

அதன் பிறப்பிடம் அமெரிக்கா. 1994இல் ஜஸ்டின் ஹால் என்னும் கல்லூரி மாணவர் தம் வாழ்வைப் பற்றியும் தாம் இணையத்தில் கண்டவை பற்றியும் தொடர்ந்து எழுதத் தொடங்கியதை இம்முறையின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கொள்வர். கப்பல் தலைவர்கள் அன்றாடப் பயண விவரங்களை எழுதி வைக்கும் குறிப்பேட்டிற்கு ஆங்கிலத்தில் ‘லாக்’ என்று பெயர். அதனோடு இணையத்தைக் குறிக்கும் ‘வெப்’ என்பதைச் சேர்த்து, 1997 டிசம்பரில் ஜோர்ன் பார்கர் ‘வெப்லாக்’ என்ற சொல்லை வழங்கினார்; 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதைப் பிரித்து விளையாட்டாக ‘வீ பிளாக்’ என்று எழுத, ‘பிளாக்’ என்ற சிறுசொல் நிலைபெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்னும் சிறு நிறுவனம் ‘பிளாகர்’ சேவையைத் தொடங்கியதுதான் பெருந்திருப்பம். அதுவரை இணையத்தில் ஒரு பக்கம் வெளியிட வேண்டுமானால் பெரும்பாலும் அதற்குரிய குறிமொழியைக் கற்று, கோப்பை உருவாக்கி, வழங்கிக் கணினிக்கு ஏற்ற வேண்டியிருந்தது. பிளாகர் வந்த பின்னர் ஒரு வெற்றுப் பெட்டியில் எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்றாயிற்று. 2003 பிப்ரவரியில் அச்சேவையைக் கூகுள் வாங்கியது. அவ்வாண்டு மே மாதத்தில் வேர்ட்பிரஸ் என்னும் கட்டற்ற மென்பொருளும் வெளிவந்தது.

ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு இவ்வளவே போதுமானதாக இருந்தது. தமிழுக்கோ இதற்கு முன்னரே தீர்க்கப்பட வேண்டிய சிக்கல் ஒன்று இருந்தது. தமிழ் வலைப்பதிவின் வரலாற்றை அதை விளங்கிக்கொள்ளாமல் எழுத முடியாது. கணினி எழுத்துகளை எண்களாகவே அறியும். எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்று வகுக்கும் அட்டவணைக்குக் குறியாக்கம் என்று பெயர். 1990களில் வழங்கிய தமிழ்க் குறியாக்கங்களில் பல, மொத்தம் இருந்த 256 இடங்களில் முதல் 128ஐ ஆங்கிலத்திற்கு விட்டுவிட்டு, எஞ்சியவற்றில் தமிழ் எழுத்து வடிவங்களை நிரப்பின. சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, ஐரோப்பா எனப் பல நாடுகளில் வாழ்ந்த தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியே கூடி விவாதித்து உருவாக்கிய ‘திஸ்கி’ அவற்றுள் ஒன்று; 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் வழியே தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட ‘டாப்’, ‘டாம்’ ஆகியன வேறு இரண்டு. இவை போதாவென்று நாளிதழ்களும் வார இதழ்களும் தத்தமக்கெனத் தனிக் குறியாக்கங்களை வைத்திருந்தன. ஒன்றில் எழுதியது மற்றொன்றின் எழுத்துருவில் படிக்க வராது.

படிக்க வராது என்பதன் பொருளை ஒரே சொல்லைக் கொண்டு காட்டலாம். ‘தமிழ்’ என்னும் சொல்லைத் திஸ்கியில் எழுதி, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தகரம் இருந்த இடத்தில் முக்கால் என்னும் பின்னக் குறி நிற்கும். மகரம் தலையில் சாய்கோடிட்ட ஐரோப்பிய எழுத்தாக மாறியிருக்கும். இகரத்தின் விசிறி அமெரிக்க நாணயத்தின் சென்ட் குறியாகத் தோன்றும். ழகர மெய் மற்றொரு சாய்கோட்டு எழுத்தாகி நிற்கும். ஒரு மொழியின் பெயரே அம்மொழியினர்க்குப் படிக்க இயலாத நான்கு குறிகளாகிவிடும். வீட்டில் கணினி வைத்திருந்தவர் எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அக்காலத்தில் தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இணையத்தைக் கண்டது மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிய பிரவுசிங் சென்டர்களில்தான். பிறருடைய கணினியில், ஓடும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, எழுத்துருவைத் தேடி நிறுவிய பின்னர் ஒரு கட்டுரையைப் படிப்பது எளிதன்று. பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்தனுப்பும் ‘இயங்கு எழுத்துரு’ என்னும் உத்தி ஓரளவு உதவிற்றெனினும், அது எல்லா உலாவிகளிலும் ஒன்றுபோல் இயங்கவில்லை.

இதற்கு விடையாக வந்தது ஒருங்குறி. உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி எண்களை ஒதுக்கும் இப்பொதுக் குறியாக்கத்தில் 1991இலேயே தமிழுக்கு இடம் தரப்பட்டிருந்த போதிலும், அதைத் திரையில் சரியாகக் காட்டும் ஆற்றல் 2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000உடன்தான் பொதுப் பயனரைச் சென்றடைந்தது. ‘கொ’ என்னும் எழுத்தைத் திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்களாகச் சேமித்தது. ஒருங்குறியோ ககரத்தை முதலிலும் ஒகரக் குறியை அதன் பின்னும் வைத்து, கொம்பை முன்னே கொண்டுவந்து காட்டும் வேலையைக் கணினியிடம் விட்டது. இவ்வேலையைச் செய்யத் தெரியாத பழைய விண்டோஸ் 98 கணினிகளில் கொம்புகள் இடம் மாறித் தெரிந்தன, அல்லது வரிசையாகக் கட்டங்கள் தெரிந்தன. முன்னோடிகள் பலர் இரண்டு வகை வாசகரையும் கைவிட மனமின்றித் தம் எழுத்தைத் திஸ்கியிலும் ஒருங்குறியிலும் இருமுறை வெளியிட்டனர்.

எழுதும் கருவிகளைப் பெரும்பாலும் தன்னார்வலர்களே செய்தளித்தனர் என்பது இவ்வரலாற்றின் மிகப் பெருமைக்குரிய பகுதி. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘முரசு அஞ்சல்’, ஒலிப்பு முறையில் தட்டெழுதும் பழக்கத்தை ஏற்கெனவே பரப்பியிருந்தது. ஆங்கில விசைப்பலகையில் ‘அம்மா’ என்பதை ஒலிக்கிறபடி தட்டினால் திரையில் தமிழ் வரும். முகுந்தராஜ் ‘தமிழா’ குழுவின் வழியே இலவசமாக வழங்கிய ‘எ-கலப்பை’, உலாவி, மின்னஞ்சல், சொற்செயலி என எந்த மென்பொருளிலும் ஒருங்குறித் தமிழை நேரடியாக எழுதும் வசதியைக் கொடுத்தது. சுரதா யாழ்வாணன் அமைத்த எழுத்துரு மாற்றிப் பக்கத்தில், பழைய குறியாக்கத்தில் உள்ளதை ஒரு பெட்டியில் இட்டால் மறுபெட்டியில் ஒருங்குறியாகக் கிடைத்தது. எ-கலப்பைக்கும் இம்மாற்றிக்கும் எவரும் விலை கேட்கவில்லை. உழவுக் கருவியின் பெயரை ஒரு மென்பொருளுக்குச் சூட்டியது எத்துணைப் பொருத்தம் என்பது, அதன் பின் விளைந்ததைக் காணும்போது விளங்கும்.

விளைநிலம் ஏற்கெனவே பண்பட்டிருந்தது. ‘திண்ணை’ போன்ற இணைய இதழ்களும், ‘அகத்தியர்’, ‘தமிழ் உலகம்’, ‘ராயர் காபி கிளப்’, ‘மரத்தடி’ முதலிய யாஹூ மின்னஞ்சல் குழுமங்களும் அயல்நாட்டுத் தமிழர்க்குத் தமிழில் எழுதியும் விவாதித்தும் பழகும் இடங்களாக இருந்தன. 2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதல் தமிழ் வலைப்பதிவுகள் தோன்றின. அவற்றை எழுதியவர்களிற் பலர் இக்குழுமங்களில் பழகியவர்களே. யாருடையது முதல் பதிவு என்னும் கேள்வி அவ்வப்போது எழுவதுண்டு. ஆனால் ஓரிரு கிழமை முன்பின்னாக வந்தவற்றுள் முதலைத் தேடுவதைக் காட்டிலும், குழுமத்தை விட்டு அவர்கள் ஏன் வெளியே வந்தனர் என்று கேட்பதே பயன் தரும். குழுமத்தில் எழுதுவது பலர் கூடிய அவையில் பேசுவது போன்றது. தலைப்பு மாறினால் மட்டுறுத்துநர், அதாவது மடல்களைப் பார்த்து அனுமதிப்பவர், தடுப்பார். எழுதியதும் அடுத்த மடல்களின் அடியில் புதைந்துவிடும். வலைப்பதிவு தனக்கென ஒரு வீட்டைத் தந்தது. ஒவ்வோர் எழுத்திற்கும் நிலையான முகவரியைத் தந்தது.

புதிய வழக்கத்திற்குப் புதுச் சொற்களும் வேண்டியிருந்தன. தளத்தை ‘வலைப்பூ’ என்றும் ‘வலைப்பதிவு’ என்றும் வழங்கினர். எழுதுபவர் ‘பதிவர்’ ஆனார். தனிக் கட்டுரையை ‘இடுகை’ என்று சொல்ல வேண்டும் எனச் சொல்லாய்வில் நாட்டமுடையோர் வலியுறுத்தினாலும், மக்கள் வாயில் ‘பதிவு’ என்பதே நின்றது. வாசகர் கருத்திற்குப் ‘பின்னூட்டம்’ என்ற பெயர் வாய்த்தது. மின்னணுவியலில், வெளியீட்டின் ஒரு பகுதி மீண்டும் உள்ளே செலுத்தப்படுவதைக் குறித்த கலைச்சொல் அது. ஊட்டம் என்பதற்குச் சத்துணவு என்ற பொருளும் இருப்பதால், எழுதுபவர்க்கு வாசகர் தரும் தெம்பை அச்சொல் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. பொருளற்ற எழுத்தை ‘மொக்கை’ என்றனர். பின்னூட்டப் பெட்டியில் நண்பர்கள் கூடி அடிக்கும் அரட்டையைக் ‘கும்மி’ என்றனர். பெயர் சொல்லாது வந்து எழுதுபவரை ‘அனானி’ என்றனர். இன்று முகநூலில் எழுதுவதையும் தமிழர் பதிவு என்றே சொல்வது, வலைப்பதிவர்கள் மொழிக்கு விட்டுச்சென்ற சொத்து.

இருப்பினும், சிதறிக் கிடக்கும் நூறு வீடுகள் ஓர் ஊர் ஆகிவிடா. யார் எங்கே எழுதுகிறார் என்பதை அறிய முதலில் கையால் தொகுத்த பட்டியல்கள் இருந்தன. எண்ணிக்கை பெருகியதும் அவை போதவில்லை. 2004இல் காசி ஆறுமுகம் ‘தமிழ்மணம்’ என்னும் திரட்டியைத் தொடங்கினார். திரட்டி என்பது, ஒவ்வொரு வலைப்பதிவும் தானாக வெளியிடும் ‘ஓடை’ எனப்படும் சுருக்கக் கோப்பைக் குறித்த இடைவெளிகளில் படித்து, புதிய பதிவுகளின் தலைப்பையும் முதல் சில வரிகளையும் ஒரே முகப்பில் காட்டும் தளம். பதிவில் பொருத்திக்கொள்ளும் சிறு கருவிப்பட்டை ஒன்றையும் தமிழ்மணம் தந்தது. எழுதி முடித்தவர் அதைச் சொடுக்கினால் அவர் பதிவு முகப்பில் ஏறும். யாரேனும் பின்னூட்டம் இட்டால் அதுவும் அங்கே தெரியும். கிழமைக்கு ஒருவர் ‘நட்சத்திரம்’ எனத் தேர்ந்தெடுக்கப்பட்டு நாள்தோறும் எழுதினார். பின்னர்த் ‘தேன்கூடு’, ‘தமிழ்வெளி’, ‘தமிழிஷ்’ எனப் பிற திரட்டிகளும் வந்தன. ஆங்கிலப் பதிவுலகம் தேடுபொறிகளாலும் இணைப்புகளாலும் பின்னப்பட்டிருக்க, தமிழ்ப் பதிவுலகமோ ஒரு பொது முற்றத்தைச் சுற்றி வளர்ந்தது. அதனால்தான் அதில் ஊருக்குரிய நெருக்கமும் இருந்தது, ஊருக்குரிய சண்டையும் இருந்தது.

அம்முற்றம் உறங்கியதில்லை. சென்னையில் ஒருவர் காலையில் அலுவலகம் போகுமுன் இட்ட பதிவிற்குச் சிங்கப்பூரிலிருந்து முற்பகலில் மறுமொழி வரும். கொழும்பும் துபாயும் மதியத்தில் சேரும். பாரிசும் இலண்டனும் மாலையில் சேரும். எழுதியவர் உறங்கச் செல்லும் வேளையில் டொராண்டோவும் கலிபோர்னியாவும் விழித்து, விடிவதற்குள் எதிர்வாதங்களை அடுக்கியிருக்கும். மின்னஞ்சல் குழுமங்களை விட்டால், அதற்கு முன் தமிழர் வரலாற்றில் இத்தனை நாட்டினர் ஒரே நாளில் ஒரே பொருளைப் பற்றி எழுத்தில் பேசிக்கொண்டதில்லை.

மக்கள் ஏன் எழுதினர் என்பதற்கான விடையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. பணத்திற்காக அவர்கள் எழுதவில்லை என்பது உறுதி. வலைப்பக்கங்களில் விளம்பரம் இட்டு வருவாய் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் திட்டம் தமிழை ஏற்றுக்கொண்டது 2018இல்தான். அதற்குள் தமிழ்ப் பதிவுலகின் உச்சகாலம் கழிந்துவிட்டது. அச்சிதழ்களில் இடம் கிடைக்காதவர்களே பதிவு எழுத வந்தனர் என்ற கருத்து அந்நாளில் அடிக்கடி சொல்லப்பட்டது. அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆனால் அது முழு உண்மையன்று. இதழ்களுக்கு ஒருநாளும் எதையும் அனுப்பியிராத வங்கி ஊழியர்களும், பள்ளி ஆசிரியர்களும், இல்லத்தரசிகளும், வளைகுடாவில் பணிசெய்தவர்களும் எழுதினர். தம் ஊரின் கோயில் திருவிழா, அம்மா வைத்த குழம்பு, பேருந்துப் பயணம், பழைய திரைப்பாடல், மென்பொருள் நிறுவும் முறை, சாதி பற்றிய வாதம் என அவர்கள் எடுத்துக்கொண்ட பொருள்களில் பலவற்றிற்கு இதழ்களின் பக்க அமைப்பில் இடமே கிடையாது. தாய்மொழியில் பேச ஆளற்ற நகரில் வாழ்ந்தவர்க்கு அது பேச்சுத்துணையாக இருந்தது. பெண்கள் பலர்க்குத் தம் பெயரில், தம் விருப்பப்படி எழுதக் கிடைத்த முதல் இடமாக இருந்தது. இவை அனைத்திற்கும் அடியில் ஓடியது மறுமொழி வரும் என்ற எதிர்பார்ப்பு. நாட்குறிப்பு எழுதுபவர் தமக்குள் பேசுகிறார். பதிவர் பதிலுக்காகவே எழுதினார்.

ஈழத்தமிழர்க்கு இதற்கு மேலும் ஒரு தேவை இருந்தது. 2006இல் போர் மீண்டும் மூண்டு 2009இல் முடிந்த ஆண்டுகளில், புலம்பெயர்ந்தவர்களும் இலங்கையில் இருந்தவர்களும் தம் ஊர்களையும், இடப்பெயர்வுகளையும், இழந்தவர்களையும் பற்றி எழுதிய பதிவுகள், தமிழ்நாட்டு வாசகர்க்கு நாளேடுகள் தராத நெருக்கத்தில் அவ்வாழ்வைக் காட்டின. யாழ்ப்பாண வழக்கும் மதுரை வழக்கும் ஒரே பின்னூட்டப் பெட்டியில் சந்தித்து, ஒன்றுக்கொன்று பொருள் கேட்டு விளங்கிக்கொண்டன. ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் காக்கும் ‘நூலகம்’ திட்டம் 2005இல் தொடங்கியதும், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா வளர்ந்ததும் இதே காலத்தில், இதே தன்னார்வத்தின் கிளைகளாகவே நிகழ்ந்தன. தமிழுக்கு மட்டும் உரியதன்று இப்போக்கு. ஈரானியரான ஹொசைன் தெராக்ஷான் 2001இல் பாரசீக மொழியில் பதிவு தொடங்குவதற்கான வழிகாட்டியை எழுதி வெளியிட்டதும், அம்மொழியில் ஆயிரக்கணக்கான பதிவுகள் எழுந்தன. எழுத்துச் சிக்கல் தீர்ந்து, ஒருவர் வழிகாட்டவும் செய்தால், காத்திருந்த மொழி பொங்கி வெளிப்படும் என்பதற்கு இரண்டும் சான்று.

குறைகளை மறைப்பது வரலாறாகாது. முகம் தெரியாத வசதி, பலர்க்கு அஞ்சாமல் உண்மை பேசும் துணிவைக் கொடுத்தது போலவே, சிலர்க்கு இழிசொல் வீசும் துணிவையும் கொடுத்தது. பிறர் பெயரிலும் படத்திலும் போலிக் கணக்குகள் தொடங்கி அவதூறு எழுதியோர் இருந்தனர். அதன் கொடுமையைப் பெண்களே மிகுதியாக அனுபவித்தனர். எழுத்தை நிறுத்திக்கொண்டோரும் உண்டு. பின்னூட்டங்களைப் படித்துப் பார்த்த பின்னரே வெளியிடும் ‘மட்டுறுத்தல்’ இதனாலேயே பரவிற்று. வெளியிலிருந்தும் தடை வந்தது. 2006 ஜூலையில் மும்பைப் புறநகர் ரயில்களில் குண்டு வெடித்ததைத் தொடர்ந்து, குறிப்பிட்ட சில பக்கங்களை முடக்குமாறு இந்திய அரசு ஆணையிட, இணையச் சேவை நிறுவனங்கள் பிளாகர் பதிவுகள் தங்கியிருந்த பிளாக்ஸ்பாட் முகவரிகள் முழுவதையுமே சில நாள்கள் முடக்கிவிட்டன. தம் வீடு உண்மையில் வாடகையில்லாக் குடியிருப்பு என்பதையும், அதன் சாவி வேறு கைகளில் உள்ளது என்பதையும் பதிவர்கள் முதன்முறையாக உணர்ந்த நாள்கள் அவை.

இத்தனைக்கும் நடுவே திரையில் பழகியவர்கள் நேரிலும் கூடினர். சென்னையில் மெரினாக் கடற்கரையின் காந்தி சிலையருகிலும் தியாகராய நகரின் நடேசன் பூங்காவிலும் ‘பதிவர் சந்திப்பு’கள் நடந்தன, பின்னர்ச் சென்னை, மதுரை, புதுக்கோட்டை ஆகிய ஊர்களில் பெரிய அளவில் பதிவர் விழாக்களும் நடந்தன. புனைபெயரால் மட்டுமே அறியப்பட்டவர்கள் சட்டையில் அப்பெயரை எழுதிக் குத்திக்கொண்டு ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். அச்சுலகில் பெயர் பெற்ற எழுத்தாளர்களும் இவ்வழிக்கு வந்தனர். அவர்களுள் ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக இணையத்தில் எழுதி முடித்த ‘வெண்முரசு’ 26 நாவல்களாக விரிந்தது. அன்றன்றே வெளியிட்டு, அன்றன்றே வாசகர் கடிதம் பெறும் இப்பழக்கம் பதிவுலகம் பண்படுத்தித் தந்தது என்பதில் ஐயமில்லை.

ஏறத்தாழ 2010க்குப் பின் கூட்டம் கலையத் தொடங்கிற்று. முகநூலும் ட்விட்டரும் எழுத்தையும், வாசகரையும், திரட்டியையும் ஒரே இடத்தில் வைத்தன. கைப்பேசியில் நாலு வரி எழுதி நொடியில் விருப்பக்குறி பெற முடிந்தபோது, இரண்டு மணி நேரம் செலவிட்டு ஆயிரம் சொல் எழுதுவோர் குறைந்தனர். ஓடைகளைப் படிக்கப் பலரும் நம்பியிருந்த கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது. திரட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. முற்றம் போனபின், தொடர்ந்து எழுதியவர்களின் பதிவுகளும் தனித்தீவுகளாயின. விரைவும் பரப்பும் கூடியது உண்மையே. ஆயினும் நாளும் முகவரியும் தாங்கி, பத்தாண்டு கழித்தும் தேடி எடுத்துப் படிக்கத்தக்க எழுத்து என்ற அளவில், முகநூல் வலைப்பதிவிற்கு ஈடாகவில்லை.

அவ்வெழுத்தும் என்றென்றும் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. பதிவுலகிற்கு வித்திட்ட யாஹூ குழுமங்களின் மடல்களை அந்நிறுவனம் நீக்கி, 2020 டிசம்பரில் அச்சேவையையே மூடிவிட்டது. தனியார் எடுத்து வைத்த படிகள் தவிர எஞ்சியது குறைவு. பிளாகரின் அமைப்புப் பக்கத்தில் ஒரு வலைப்பதிவு முழுவதையும், பின்னூட்டங்களோடு, ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இன்றும் இருக்கிறது. வேர்ட்பிரஸிலும் அத்தகையது உண்டு. பழைய வலைப்பதிவு ஒன்றை வைத்திருப்பவர்கள் அக்கோப்பை இன்றே எடுத்துத் தம்மிடம் ஒரு படியும், நம்பத்தக்க வேறொருவரிடம் ஒரு படியும் வைக்க வேண்டும்.